முதுநீரும் புதுக்கடனும்

மழை பொய்த்த நாட்டில் மாந்தன் முதலில் வானத்தைப் பார்க்கிறான். வானம் கைவிரித்தபின் நிலத்தைத் தோண்டுகிறான். தோண்டிய இடத்தில் நீர் சுரந்துவிட்டால், அந்நீர் எத்துணைக் காலத்தது, எவ்வழி வந்தது, தன்னோடு எதனைச் சுமந்து வருகின்றது என்றெல்லாம் உசாவிக்கொண்டிருக்க அவனுக்குப் பொழுதில்லை. உப்பு மிகுந்திருந்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும். சேறு கலந்திருந்தால் கண் காட்டிக்கொடுக்கும். அழுகல் இருந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும். நாக்குக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஒன்று அந்நீரில் கரைந்திருக்குமாயின், அதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பு, அளவு கருவிகளைக் கையில் வைத்திருக்கும் அறிஞர்க்கும் அவ்வறிஞர்க்குப் படியளக்கும் அரசுக்குமே உரியதாகும். அவ்விருவரும் வாளாவிருப்பின், ஏர்பிடிக்கும் உழவனும், அவன் விளைத்ததை உண்ணும் மக்களும் எதனைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்வர்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. யோர்தான் நாட்டின் தென்கோடிப் பாலையில் எழுந்து, இன்றளவும் முழு விடை காணாது நிற்கின்ற கேள்வியாகும்.

யோர்தான், உலகில் நீர்வறுமை மிக்க நாடுகளின் முன்வரிசையில் நிற்பது. ஒருவர்க்கு ஓராண்டிற்கு 500 கனமீட்டர் நீரும் கிட்டாத நாட்டைக் கொடிய நீர்ப்பஞ்சமுற்ற நாடென்று வல்லுநர் வகுத்துள்ளனர். யோர்தானிலோ ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படும் நீர் ஆளொன்றுக்கு 100 கனமீட்டரும் தேறாது. பெயர்பெற்ற யோர்தான் ஆற்று நீரையும் அண்டை நாடுகள் மேலேயே மடக்கிக்கொள்கின்றன. அண்டை நாட்டுப் போர்களால் அலைந்து வந்த ஏதிலியரோ பல இலக்கம் பேர். இந்நிலையில் அந்நாடு தன் தென்னெல்லையில், சவூதி அரேபியாவின் வடமேற்கு வரை நிலத்தின்கீழ் விரிந்து கிடக்கும் திசி என்னும் நீரகத்தின்மேல் கைவைத்ததைக் குறைகூறுவார் எவரும் இரார். நீர்வேட்கையுற்றவனின் கைக்கு எட்டியது அது ஒன்றே.

அந்நீரகத்தில் உள்ள நீர், இன்று நேற்றுப் பெய்த மழையின் நீரன்று. 30,000 ஆண்டு வரை முற்பட்டதென அறிஞர் கணித்துள்ள முதுநீர் அது. இற்றைப் பாலை அற்றை நாளில் மழைவளம் பெற்றிருந்த காலத்தில், பழம்பெரும் மணற்பாறை அடுக்குகளின் ஊடே இறங்கித் தேங்கியது. இறைத்தால் குறையும், மீள நிறையாது. கிணறு என்று அதனைச் சொல்வதினும், ஒருமுறை மட்டுமே திறந்து செலவழிக்கத்தக்க புதையல் என்று சொல்வதே பொருந்தும். புதையலைக் காக்கும் பூதமொன்று இருக்குமென்று நம் நாட்டுப் பாட்டிமார் கதை சொல்வதுண்டு. திசிப் புதையலிலும் அத்தகைய காவல் ஒன்று இருந்தது. அதன் பெயர் இரேடியம்.

இரேடியம் அந்நீரில் எவ்வாறு வந்தது? எவரும் அதனைக் கொண்டுபோய்க் கொட்டவில்லை. அணு உலையின் கழிவும் அன்று. தொழிற்சாலையின் கசிவும் அன்று. பாறைகளிலேயே உரேனியமும் தோரியமும் மிகச் சிறு அளவில் கலந்துள்ளன. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காணப்படும் கருமணலிலும் மோனசைட்டு என்னும் கனிமத்துள் இதே தோரியம் பொதிந்துள்ளமை தமிழர் பலரும் அறிந்ததே. இம்மாழைகளின் அணுக்கள் தாமே சிதைந்து, கதிர்களை வீசி, வேறு மாழைகளாக மாறுகின்றன. அம்மாற்றத்தின் இடைப்படிகளில் ஒன்றே இரேடியம். உரேனியத்தின் வழியில் 226 என்னும் எண்ணுடைய இரேடியமும், தோரியத்தின் வழியில் 228 என்னும் எண்ணுடைய இரேடியமும் தோன்றுகின்றன. சிதைவின்போது எழும் உந்துதலால் அவ்வணுக்கள் பாறைத்துகளினின்று தெறித்து, சுற்றிலும் உள்ள நீரில் வந்து விழுகின்றன. களிமண் மிக்க பாறையாயின், அக்களிமண் அவற்றை உடனே பற்றிக்கொள்ளும். திசியின் மணற்பாறையிலோ களிமண் குறைவு. பற்றுவார் இன்மையின் இரேடியம் நீரிலேயே தங்கிவிடுகின்றது. உப்பில்லாத, தெளிந்த, இனிய நீரிலும் கதிரியக்கம் மிகுந்திருக்கக்கூடும் என்பதற்கு அந்நீரகமே சான்று.

இவ்வுண்மையை உலகறியச் செய்தது 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று. அமெரிக்க நாட்டின் தியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆவ்னர் வெங்கோசு என்னும் நிலநீர் வேதியியல் அறிஞரும், யோர்தானிய அறிஞர் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும் 37 கிணறுகளின் நீரை ஆராய்ந்தனர். இருவகை இரேடியமும் சேர்ந்த அளவு, குடிநீர்க்கென உலகில் வகுக்கப்பட்ட வரம்புகளைச் சில கிணறுகளில் ஏறத்தாழ 20 மடங்கு வரை விஞ்சியிருப்பதைக் கண்டறிந்து அறிவித்தனர். 1976-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா தன் மக்களின் குடிநீர்க்கு இரேடிய வரம்பு வகுத்துவிட்டது. ஆகவே இரேடியம் நீரில் வரும் என்பதும், வந்தால் அளக்க வேண்டும் என்பதும் புதிய அறிவல்ல. அளக்க வேண்டிய இடத்தில் அளவுகோல் சென்று சேரவில்லை என்பதே அங்கு வெளிப்பட்ட குறை.

அதன்பின் 2013-ஆம் ஆண்டில், 325 கிலோமீட்டர் நீளக் குழாய்வழி திசி நீர் தலைநகர் அம்மானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆண்டுக்கு 10 கோடி கனமீட்டர் நீர் தருவதற்கெனப் பல கிணறுகளும் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவும் கொண்ட பெருந்திட்டம் அது. குடிநீர் என்றவுடன் கேள்விகள் எழுந்தன. பிற நீருடன் கலந்து இரேடியத்தின் செறிவைக் குறைத்து வழங்குவதென்று வழிகாணப்பட்டது. கலப்பது ஒரு வழியே. இரேடியத்தை நீக்குவதற்கும் நீரை மென்மையாக்கும் முறை முதலான தேர்ந்த வழிகள் உள. நகரத்து மக்களின் குடத்தில் விழும் நீர்க்கு இத்துணை ஆராய்ச்சியும் அளவும் கலப்பும் நிகழ்ந்தமை நன்றே. அதனை எவரும் பழிக்கார்.

ஆயின், குழாய் இடப்படுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன்பே, அதே முதுநீர் அதே பாலையில் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது! 1980-களிலிருந்து திசிப் பகுதியின் மணல்வெளி பெரும்பண்ணைகட்குக் குத்தகையாக விடப்பட்டது. சுற்றிவரும் நெடுங்குழாய்கள் வட்டவட்டமாகப் பசும்பயிர் வளர்த்தன. வானூர்தியிலிருந்து பார்ப்பவர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. பாலை பச்சையாயிற்று என்று பாராட்டியோர் பலர். குடத்து நீரைப் பற்றிக் கேட்ட கேள்வியை வயல் நீரைப் பற்றிக் கேட்டோர் மிகச் சிலர். குடித்தால் கேடு தரும் என்று கருதப்படும் ஒன்று, மண்ணிற் பாய்ந்தால் மறைந்துபோகுமா என்ன?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். மக்களை அச்சுறுத்தி ஆரவாரம் செய்வது அறிவுடையோர் செயலன்று. இரேடியம் வேர்வழி ஏறிப் பயிருட் புகுவது உண்மையே. ஆயினும் மண்ணில் உள்ளதில் மிகச் சிறு பகுதியே அவ்வாறு ஏறுகின்றது. ஏறியதும் இலையிலும் தண்டிலும் மிகுதியாகத் தங்குகின்றது. கோதுமை போன்ற கூலமணிகளில் குறைவாகவே சேர்கின்றது. அவ்வகையில் ஒரு வேளை உணவால் ஒருவர் நோயுறுவார் என்பது பொய்யுரை. குடிநீர் வரம்பைத் தாண்டிய நொடியே சாவு என்பதும் அவ்வாறே. அவ்வரம்புகள் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் பருகுவதை எண்ணி வகுக்கப்பட்டவை.

அதற்காக, இயற்கையில் உள்ளதுதானே, அதனால் என்ன என்று தோள்குலுக்கிச் செல்வதும் அறிவுடைமையாகாது. பாம்பின் நஞ்சும் இயற்கையே. இரேடியம் சுண்ணத்தின் இனமாகிய கால்சியத்தை ஒத்த மாழை. ஆதலின் உடல் அதனைக் கால்சியம் என்றே மயங்கி எலும்பில் சேர்த்துக்கொள்கின்றது. மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898-இல் இரேடியத்தைக் கண்டறிந்தபோது உலகம் அதனை மருந்தென்று கொண்டாடியது. 1920-களில் அமெரிக்கக் கடிகாரத் தொழிலகங்களில், இருளில் ஒளிரும் எண்களை இரேடியச் சாயத்தால் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். அது தீங்கற்றதென்றே அவர்கட்குச் சொல்லப்பட்டிருந்தது. தாடையெலும்பு அழுகியும் எலும்பிற் புற்று வைத்தும் அவருட் பலர் மாய்ந்தனர். அவர்கள் உட்கொண்ட அளவு வேறு. வயல்வழி வரும் அளவு வேறு. இரண்டையும் ஒன்றென்பது பிழை. ஆயினும், தீங்கில்லை என்று அளக்காமலே சொல்லும் வாய் எத்துணைக் கொடியது என்பதற்கு அப்பெண்களின் எலும்புகளே என்றும் அழியாச் சான்றாகும்.

உண்மையான சிக்கல், இன்றைய உணவுக்கலத்தில் இருப்பதைக் காட்டிலும் நாளைய மண்ணில் இருக்கின்றது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் இலிட்டர் நீரில் 226 எண்ணுடைய இரேடியம் 1 பெக்கரல் அளவு இருப்பதாகக் கொள்க. பெக்கரல் என்பது நொடிக்கு ஓரணு சிதையும் அளவு. உலக நலவாழ்வு அமைப்பு அவ்விரேடியத்திற்குக் குடிநீரில் வழிகாட்டியாக வகுத்துள்ள அளவும் இதுவே. பாலையில் பயிர் வளர்க்க ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சுவதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் நிலத்திற்கு 1000 இலிட்டர் நீரும், அதனுடன் 1000 பெக்கரல் இரேடியமும் வந்து சேரும். நீர் ஆவியாகிவிடும், இரேடியம் ஆவியாகாது. உழுபடையின் ஆழமாகிய 20 செண்டிமீட்டர் மண்ணில் அது முழுதும் தங்கினால், அங்குள்ள ஏறத்தாழ 300 கிலோ மண்ணில், ஆண்டுதோறும் கிலோவிற்கு 3 பெக்கரலுக்குச் சற்று மேல் ஏறும். முப்பதாண்டில் 100 பெக்கரல் ஆகும். உலக மண்ணில் இயல்பாக உள்ள நடுவளவோ கிலோவிற்கு 35 பெக்கரல் போல்வதே.

மணற்பாங்கான நிலத்தில் ஒரு பகுதி கீழே கசிந்திறங்கலாம். ஆகலின் இக்கணக்கு மேல்வரம்பைக் காட்டுவதேயன்றி, குறிப்பிட்ட ஒரு வயலை அளந்து கண்டதன்று. ஆயினும் அது உணர்த்தும் பாடம் தெளிவானது. குடிப்பதற்குத் தகும் என்று சான்றளிக்கப்பட்ட நீரே, ஒரு தலைமுறைக் காலம் தொடர்ந்து பாய்ச்சப்படின், மண்ணின் இரேடியத்தைப் பன்மடங்காக்கிவிடக் கூடும். குடிநீர்க்கென வகுத்த அளவுகோல் மாந்தனைக் காக்கலாம்; மண்ணைக் காவாது. மண்ணுக்கெனத் தனி அளவுகோல் வேண்டும்.

228 எண்ணுடைய இரேடியத்தின் பாதி 6 ஆண்டுக்குள் சிதைந்துவிடும். நீர் பாய்ச்சுவதை நிறுத்தினால் அது சில பத்தாண்டுகளில் தேய்ந்தொழியும். திசி நீரில் அவ்வகை மிகுந்திருப்பது ஓரளவு ஆறுதலே. 226 எண்ணுடையதோ பாதியாகக் குறைவதற்கே 1600 ஆண்டு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டுக்குச் சற்று மேலாகின்றது. அக்கோயிலுக்குக் கல் வந்து இறங்குவதற்கும் ஏறத்தாழ 600 ஆண்டு முன்னர் ஒரு வயலில் அது படிந்து தங்கியிருக்குமாயின், அதில் பாதி இன்றும் அவ்வயலிலேயே இருக்கும். அரசுகள் மாறும், எல்லைகள் மாறும், மொழிகளும்கூட மாறும், அம்மண்ணின் சுமை மாறாது. முப்பதாண்டுக் குத்தகைக்காரன் எழுதிச் செல்லும் கடனை, முகமறியாத அறுபது தலைமுறை சுமக்க வேண்டிவரும்.

எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது இதனினும் பெரிது. திசியின் தொடர்ச்சி சவூதி அரேபியாவில் சாக் என்னும் பெயர் பெறுகின்றது. அந்நாட்டு அரசு 1980-களில் எண்ணெய்ச் செல்வத்தைக் கொட்டி, நிலத்தடி முதுநீரால் கோதுமை விளைத்தது. தன் தேவைக்கு விளைத்தமையோடு நில்லாது அயல்நாடுகட்கும் ஏற்றுமதி செய்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் 40 இலக்கம் டன் அளவிற்கு உயர்ந்தது. மீள நிறையாத நீரை மணியாக்கிக் கப்பலேற்றிய வாணிகம் அது! நீர்மட்டம் வீழ்ந்தது, 2008-இல் அத்திட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பதென முடிவாயிற்று, 2016-இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதல் நிறுத்தப்பட்டது. பின்னர் அளவோடு மீளத் தொடங்கியது. சாக் நீரகத்தின் பல கிணறுகளிலும் கதிரியக்கம் மிகுந்திருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. இரு நாடுகளும் 2015-இல் தம் பொதுநீரகத்தைக் காப்பதற்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. செலவான நீர் செலவானதே.

இது அரபு நாடுகளின் சிக்கல் மட்டுமே என்று கண்மூடியிருப்பதற்கும் இடமில்லை. அதே வெங்கோசு குழுவினர் 2018-இல், இந்தியாவின் வறண்ட மாநிலமாகிய இராசத்தானத்திலும் குசராத்திலும் 324 கிணறுகளின் நீரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். இராசத்தானத்தில் ஆராய்ந்த கிணறுகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியில், உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த இலிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்னும் வரம்பை உரேனியம் தாண்டியிருந்தது. உரேனியம், தன் கதிரினும் தன் வேதிப்பண்பாலேயே சிறுநீரகத்தைத் தாக்குவது. இந்தியக் குடிநீர் அளவுகோலில் உரேனியத்திற்கு அப்போது வரம்பே வகுக்கப்பட்டிருக்கவில்லை.

அங்கு உரேனியம் பாறையிலிருந்து வருவது இயற்கையால், மிகுவதோ மாந்தனால். வேளாண்மைக்கென அளவின்றி நீரை இறைக்க, நீர்மட்டம் தாழ்கின்றது. அதுவரை நீரில் மூழ்கியிருந்த பாறையைக் காற்று தீண்டுகின்றது. பூட்டுண்டிருந்த உரேனியம் கரையும் நிலையை அடைகின்றது. வயலுக்கிட்ட உரத்தினின்று கசியும் நைத்திரேட்டும் அதற்குத் துணைபோகின்றது. பாய்ச்சப் பாய்ச்ச நீரே கெடுகின்றது. கெட்ட நீரே மீண்டும் வயலுக்குப் பாய்கின்றது.

இவ்வாறாயின் வறண்ட நாட்டு மக்கள் பயிரிடவே கூடாதா? பட்டினி கிடந்து மடிவதா? அன்று. செய்யத்தக்கவை பல உள. வேளாண்மைக்குப் பயன்படும் ஒவ்வொரு பெருங்கிணற்றின் நீரிலும் இருவகை இரேடியமும் உரேனியமும் அளக்கப்படல் வேண்டும். நீர் பாய்ச்சத் தொடங்குமுன் மண்ணின் கதிரியக்கத்தை அளந்து பதிந்து, சில ஆண்டுகட்கு ஒருமுறை மீள அளந்து ஒப்பிடல் வேண்டும். குத்தகை முடிந்து வெளியேறும் பண்ணையார், பெற்ற நிலத்தைப் பெற்றவாறே திருப்பித் தருகிறாரா என்பதற்கு அப்பதிவே சான்றாகும். கதிரியக்கம் மிக்க நீரைக் கீரைக்கும், கறவை மாட்டின் பசுந்தீவனத்திற்கும் பாய்ச்சாமல் விடுதல் நன்று. இரேடியம் இலையில் மிகுவதும், கால்சியத்தைப் போல் பாலில் இறங்குவதும் அறிந்த உண்மைகள். இலைமேல் தெளிப்பதை விடுத்து வேரடியில் சொட்டவிடலாம். நல்ல நீருடன் கலந்தும் பாய்ச்சலாம். இரேடியத்தை நீக்கும் நிலையங்களில் எஞ்சும் கழிவை, உரமென்றோ மண்ணென்றோ வயலில் கொட்டுதல் ஒருகாலும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீள நிறையாத முதுநீர் மக்களின் தொண்டையை நனைப்பதற்கே முதலுரிமையுடையது. சிலருடைய ஊதியத்திற்காக ஏற்றுமதிப் பயிர் விளைக்க அதனை வழங்குதல் முறையன்று.

இவையனைத்திற்கும் அடிப்படையாவது, அளந்ததை மக்களுக்குச் சொல்லுதல். 2009-ஆம் ஆண்டின் ஆய்வு வெளிவந்தது ஆங்கில இதழொன்றில். திசிப் பாலையின் குடிகள் பேசுவதோ அரபு மொழி. அறிஞர் உலகம் தன் முடிவுகளைத் தனக்குள் பகிர்ந்துகொள்வது இயல்பே. அதனோடு நின்றுவிடுவதுதான் பிழை. கிணற்று மேட்டில் நிற்கும் உழவன் படிக்கக்கூடிய மொழியில், அவன் கிணற்றின் எண், அதன் நீரின் அளவு, அவன் செய்யத்தக்கது என்னும் மூன்றும் எழுதிக் கொடுக்கப்படாதவரை, ஆய்வு முடிந்ததாகக் கொள்ளுதற்கில்லை. உழவனுக்கு இதெல்லாம் விளங்காது என்பார் கூற்று, சொல்ல விரும்பாதவர் கூற்றே. மழையின் குறியையும் மண்ணின் சுவையையும் அறிந்தவனுக்கு, மண்ணில் ஏறும் ஒரு சுமையின் கணக்கு விளங்காமற் போகாது. தாய்மொழியில் சொன்னால் விளங்கும். அயல்மொழியில் மறைத்தால் எவர்க்கும் விளங்காது. இந்நிலை அரபு உழவனுக்கும் ஒன்றே. இராசத்தானத்து உழவனுக்கும் ஒன்றே. தமிழ் உழவனுக்கும் ஒன்றே.

முதுநீர் முன்னோர் எவரும் சேர்த்து வைத்த உடைமையன்று. மாந்தன் ஏர் பிடிப்பதற்கு முன்பே இயற்கை சேர்த்த வைப்பு. அதனை ஒரே தலைமுறை இறைத்துத் தீர்ப்பது ஒரு கடன். இறைத்த நீர் சுமந்து வந்த இரேடியத்தை மண்ணில் விட்டுச் செல்வது மற்றொரு கடன். முதற்கடனைத் திருப்பித் தர எவராலும் இயலாது. இரண்டாம் கடனைப் பெருகாமல் தடுக்கவேனும் இயலும். அதற்குத் தேவையானவை ஓர் அளவுகருவியும், அது காட்டும் எண்ணை மறைக்காத அரசும், அவ்வெண்ணைக் கேட்டுப் பெறும் மக்களுமே. முதலிரண்டும் தாமே வந்துவிடுவதில்லை. மூன்றாவது விழித்தெழுந்தால் அவை வந்தே தீரும்.